எங்கே தேடினேன் என்று சொல்

செப்டம்பர் 2, திங்கள்

இன்று கூட்டத்தில் நான் சொல்லாதது: எங்கள் கம்பைலர் காட்டும் பிழைச்செய்திகள் அத்தனையையும் ஏற்கெனவே தமிழில் எழுதி முடித்துவிட்டேன் என்பது.

ஈஸ்வரமூர்த்தி சார் மேசையில் விரலால் தட்டிக்கொண்டே, "எரர்னா எரர்தானே அம்மிணி. அதுல என்ன அழகு வேண்டிக் கெடக்குது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

பின்னால் படிக்கும்போது எனக்கே மறந்திருக்கலாம் என்பதால் எழுதிவைக்கிறேன். திருப்பூரில் டி-சர்ட்டின் காலரையும் கைப்பட்டியையும் மட்டும் தனியாகப் பின்னுகிற இயந்திரங்கள் உண்டு. அவற்றை இயக்கும் பெட்டியைக் கோவையில் எங்கள் நிறுவனம் செய்கிறது. எந்த வரிசையில் எந்த நூல் ஓட வேண்டும் என்று எழுதுவதற்காகச் சார் இருபது வருடங்களுக்கு முன்பு தனியாளாக உட்கார்ந்து ஒரு நிரல்மொழியை உருவாக்கினார். எழுதியதைச் சரிபார்த்து இயந்திரத்துக்குப் புரியவைக்கும் கம்பைலரும் அவர் எழுதியதுதான். நூல்களுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். அதில் அவருக்கு நியாயமான பெருமை இருக்கிறது. ஆனால் தப்பு நேர்ந்தால் மட்டும் கம்பைலர் ஆங்கிலத்துக்கு மாறிவிடும். பெயர் விளங்கவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, அவ்வளவுதான். யூனிட்டில் இருக்கும் புரோகிராமர் அதைப் படமெடுத்து வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டு எங்கள் உதவி எண்ணைக் கூப்பிடுவார். எடுப்பது நானும் பெனாசிர் அக்காவும். மூன்று வருடமாக இதுதான் என் வேலை. அம்மா பக்கத்து வீட்டில் "ஃபோன்ல பேசுற வேலை" என்று சொல்கிறாள். நான் திருத்தியதில்லை.

செப்டம்பர் 5, வியாழன்

அனுப்பர்பாளையத்தில் ஒரு யூனிட்டின் புரோகிராமர் சடையப்பன். வாரத்துக்கு நாலு முறையாவது கூப்பிடுவார். இன்றும்.

"ஏனுங் மேடம், நூலுக்குப் பேரு வெச்சிருக்கறனுங்க. மேல பாருங்க, எட்டாவது வரியில இருக்குது. கீழ அதே பேரைச் சொன்னா இல்லீங்கறான்."

படத்தைப் பார்த்தேன். கைப்பட்டிப் பகுதிக்குள் பெயர் வைத்திருந்தார். கூப்பிட்டது காலர் பகுதியில்.

"சடையப்பன், உங்களை வீட்ல என்னன்னு கூப்பிடுவாங்க?"

"எதுக்குங்க அது?"

"சொல்லுங்களேன்."

"வெள்ளையன்னுவாங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"உங்க யூனிட்டுக்கு வந்து வெள்ளையன் இருக்காரான்னு நான் கேட்டா?"

"இத்தன நாளா அப்பிடி யாருமில்லைன்னு சொல்லியிருப்பானுங்க. இனிமேப் பாருங்க, பொழுதன்னைக்கும் இதேதான் கூப்புடப் போறானுக."

"நூலுக்கும் அதேதான். கைப்பட்டி வீட்டுக்குள்ள வெச்ச பேரு காலர் வீட்டுக்குத் தெரியாது. ரெண்டு பேருக்கும் தெரியணும்னா வீட்டுக்கு வெளிய வெச்சுப் பேரு வைக்கணும்."

"அட, இம்புட்டுதானா" என்றார். அந்த 'இம்புட்டுதானா'வுக்காகத்தான் இந்த வேலையில் இருக்கிறேன் என்று நினைக்கிறேன். கல்லூரியில் இதை ஒரு பாடமாக மூன்று வாரம் நடத்தினார்கள். வீட்டில் என்ன பெயர் என்று யாரும் எங்களைக் கேட்கவில்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

பஸ்ஸில் சன்னலோர இடம். படித்துக்கொண்டிருக்கும் ரஷ்ய நாவலில் ஒரே ஆளுக்கு நாலு பெயர்கள். யார் கூப்பிடுகிறார்கள் என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது. எங்கேயும் நான் குழம்பவில்லை. வீட்டுப் பெயரால் அவனைத் தெருவில் யாரும் கூப்பிடுவதே இல்லை.

மழை. குடை அலுவலகத்தில்.

செப்டம்பர் 9, திங்கள்

தமிழ்ச் செய்திகள் இருக்கும் கோப்பைச் சாருக்கு அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகு தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பியபோது என் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"இதை எப்ப எழுதுன?"

"சாப்பாட்டு நேரத்துலங்க."

"சாப்புட்டியா இல்லியா?"

சார் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"சரி. இவனுக நாளைக்கு வேற மெஷினுக்குப் போவானுக. அங்க இங்கிலீஷ்லதான் இருக்கும். நீ இப்பிடிச் செல்லங் குடுத்துப் பழக்கிட்டீன்னா அங்க போயி முழிப்பானுக. யோசிச்சியா அதை?"

யோசிக்கவில்லை. நல்ல கேள்வி. ஃபோனைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "இப்ப அவங்க இங்கிலீஷும் கத்துக்கறதில்லைங்க சார். எங்க நம்பரைத்தான் கத்துக்கறாங்க. ஒரு தடவை புரிஞ்சிட்டா, எந்த பாஷையில சொன்னாலும் என்ன தப்புன்னு தேடத் தெரிஞ்சிரும்."

சார் சிரித்தார். கூட்டத்தில் சிரித்த மாதிரி இல்லை. சடையப்பன் யூனிட்டில் மட்டும் முதலில் போட்டுப் பார்க்கலாம் என்றார்.

செப்டம்பர் 13, வெள்ளி

சடையப்பன் நேற்றும் கூப்பிடவில்லை, இன்றும் கூப்பிடவில்லை. ஃபோன் ஒலிக்காததற்குச் சந்தோஷப்படுகிற ஆள் இந்த அலுவலகத்தில் நான் ஒருத்திதான்.

செப்டம்பர் 18, புதன்

சடையப்பன் கூப்பிட்டார். "மேடம்" என்றார். மீதியை நான்தான் கேட்டுக் கேட்டு வாங்கினேன்.

'கடல்நீலம்' என்று ஒரு நூலுக்குப் பெயர் வைத்திருக்கிறார். மறுபடியும் கைப்பட்டிப் பகுதிக்குள். காலர் பகுதியில் அதைக் கூப்பிட்டபோது கம்பைலர், இருப்பதில் அதைப் போன்ற பெயரைப் பிடித்து, என் செய்தியைக் காட்டியிருக்கிறது: 'கடல்நீலம் என்று எதுவும் இங்கே இல்லை. கருநீலம் என்று சொல்ல நினைத்தீர்களா?' அவர் கருநீலம் என்று மாற்றிவிட்டார். பிழை போய்விட்டது. இரண்டு ஷிப்ட் ஓடியிருக்கிறது. இன்று சட்டைத் துணி சாயப்பட்டறையிலிருந்து வந்தபோதுதான் தெரிந்தது, காலர் வேறு நீலம்.

"எந்த நீலம்னு உங்களுக்குத் தெரியுமே சடையப்பன். ஏன் மாத்துனீங்க?"

"தெரியுமுங்க. ஆனா படிக்கறப்ப நீங்க பேசற மாதிரியே இருந்துச்சுங்க. மேடம் சொன்னா காரணம் இருக்கும்னு மாத்திட்டேன். இங்கிலீஷ்ல சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டனுங்க."

வேறு எதுவும் எழுத முடியவில்லை.

செப்டம்பர் 19, வியாழன்

சாரோடு காரில் திருப்பூர். காலர்களை மூட்டையாகக் கட்டி வாசலிலேயே வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்துப் பார்த்தேன். அழகான காலர், ஒரு பிசிறில்லை. வேறு சட்டைக்கு.

சடையப்பன் தன் முதலாளியிடம் கை தவறித் தட்டிவிட்டதாகச் சொல்லியிருந்தார். சடையப்பனுக்கு முப்பது வயதிருக்கும், சுவரோரமாக நின்றார். நான், "அவர் மேல தப்பில்லைங்க. கம்ப்யூட்டர் அப்படிச் சொல்லுச்சு. அந்த வரியை எழுதினது நான்" என்றேன். முதலாளி என்னைப் பார்த்துவிட்டுச் சாரைப் பார்த்தார்.

"எங்க கம்பைலர் சொன்னதுங்க. கம்பைலர் என்னுது" என்றார் சார். புது காலர்களை எங்கள் சோதனை இயந்திரத்திலேயே பின்னிக் கொடுத்துவிடுவதாகவும் சொன்னார்.

திரும்பும்போது அவிநாசியில் டீக்கு நிறுத்தினார். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடியே பேசினார்.

"ஏம்மிணி, நான் எதுக்கு ஒரே வரியோட நிறுத்திக்கிட்டேன்னு நெனச்ச? இங்கிலீஷ் மேல ஆசைன்னா? அதுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். தெரியாததைப் பேச உடக்கூடாது."

"புரியுதுங்க சார்."

"விஜயதசமிக்குள்ள சரி பண்ணு. எல்லா யூனிட்டுக்கும் போடறேன். அன்னிக்கு ஃபோன் போன வருசம் மாதிரி அடிச்சுதுன்னா பழைய இங்கிலீஷே போதும். அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

சரி என்றேன். டீ ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

துணி துவைத்தேன். புத்தக அலமாரியைத் துடைத்தேன். நாவலைத் திறந்து ஒரே பக்கத்தை மூன்று தடவை படித்தேன்.

அவர் சொன்னது சரி. நான் செய்தியை இனிமையாக எழுதினேன், உண்மையாக எழுதவில்லை. கடல்நீலம் எட்டாம் வரியில் இருந்தது. கம்பைலர் அதைத் தாண்டித்தான் வந்தது. பார்த்ததைச் சொல்லாமல், ஊகத்தைச் சொன்னது.

செப்டம்பர் 23, திங்கள்

இன்று நான் ஃபோன் எடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பெனாசிர் அக்கா பேசுவதை மட்டும் கேட்டேன். அக்கா பதினோரு வருடமாக இந்த நாற்காலியில் இருக்கிறார். நிரல் எழுதத் தெரியாது. ஆனால் அவரிடம் பேசியவர்கள் அதே தப்புக்கு மறுபடி கூப்பிடுவது குறைவு. அது ஏன் என்று நான் யோசித்ததே இல்லை.

"தம்பி, நானும் தேடிப் பாத்துட்டேன். காலருக்குள்ள பாத்தேன், இல்ல. வெளிய பொதுவுல பாத்தேன், இல்ல. நூல் பட்டியல்னு தனி ஃபைல் கூட்டிட்டு வந்திருக்கீங்கல்ல, அதுலயும் இல்ல. கைப்பட்டிக்குள்ள ஒண்ணு கெடக்குது. அதுதான் உங்களுதான்னு நீங்கதான் சொல்லணும்."

வைத்ததும் கேட்டேன். "அக்கா, இதை அப்படியே எழுதிக்கட்டுமா?"

"எதை?"

"இப்பப் பேசினதை."

"அடிப் போடி, இதெல்லாம் ஒரு பேச்சா? வீட்ல சாவி காணோம்னா இப்படித்தானே சொல்லுவோம். சும்மா காணோம்னு சொன்னா எங்க அம்மா விடுமா? எங்க தேடுனேன்னு சொல்லுன்னு அடிக்க வரும்."

மதியம் முழுக்க எழுதினேன். சாயங்காலம் இப்படி நின்றது:

'கடல்நீலம்' என்ற பெயரைத் தேடினேன். காலர் பகுதிக்குள் பார்த்தேன். வெளியே பொதுவில் பார்த்தேன். வரவழைத்த நூல் பட்டியலிலும் பார்த்தேன். கிடைக்கவில்லை. இதே பெயர் எட்டாம் வரியில் கைப்பட்டிப் பகுதிக்குள் இருக்கிறது. அது அந்தப் பகுதிக்குள் மட்டுமே செல்லும். நீங்கள் தேடுவது அதுதானா என்பதை நீங்கள்தான் சொல்ல முடியும்.

கடைசி வாக்கியத்தை எடுத்துவிடலாமா என்று பல முறை யோசித்தேன். அது இல்லாவிட்டால் மறுபடியும் நான் பேசுவது போலாகிவிடும். அது இருந்தால் பேச்சு படிப்பவர் கைக்குப் போகிறது. இருக்கட்டும்.

நல்ல வாக்கியம். இதை இங்கே மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

தேடிய இடங்களை நினைவில் வைத்துக்கொள்ளும் வழி சாரின் கம்பைலரில் இல்லை. ஒரு பெயர் கிடைக்கவில்லை என்றால் அது தேடிய பாதையை உடனே மறந்துவிடுகிறது. போய்ச் சொன்னேன்.

"அதுக்கு அடிமடியிலயே கை வைக்கோணுமே" என்றார். திட்டிக்கொண்டே திறந்தார். இருபது வருடத்துக்கு முன் எழுதியதைப் படித்துவிட்டு, "எந்த மடையன்டா இதை எழுதுனது" என்றார். நான் சிரிக்காமல் இருந்தேன். அவரே சிரித்தார்.

நாளையும் வருகிறேன் என்று சொன்னேன். சனிக்கிழமை எனக்கு விடுமுறை என்பது இருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

அக்டோபர் 4, வெள்ளி

விஜயதசமி எங்களுக்கு வருடத்திலேயே கடுமையான நாள். முந்தின நாள் ஆயுதபூஜைக்கு இயந்திரத்தை நிறுத்திப் பொட்டு வைப்பார்கள். மறுநாள் எல்லோரும் புதிதாகத் தொடங்குவார்கள். புரோகிராமர்களும்தான். புதுக் கோப்புறை திறந்து, நடப்பிலிருக்கும் நிரலை அதில் கொண்டுவந்து வைத்து, முதல் வரியில் பிள்ளையார் சுழி போடுவார்கள். 'உ' என்று அழகாக. கம்பைலருக்குப் பிள்ளையாரைத் தெரியாது. உ என்று ஒரு பெயரா, யார் அது என்று நின்றுவிடும். அதை எப்படியோ எடுத்தால் அடுத்தது: நூல் பட்டியல் பழைய கோப்புறையிலேயே இருந்துவிட்டது, புது இடத்திலிருந்து கூப்பிட்டால் வராது. பதினோரு விஜயதசமியாகப் பெனாசிர் அக்கா திருப்பூர் முழுவதற்கும், "பிள்ளையார் சுழிக்கு முன்னால ரெண்டு சாய்கோடு போடுங்க தம்பி" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். இரண்டு சாய்கோடு போட்ட வரியைக் கம்பைலர் படிக்காது.

"உ-வைக் கம்பைலரே கண்டுக்காம விட்டுரலாமேங்க சார்?"

"எவனாவது நூலுக்கு உ-ன்னே பேரு வெச்சிருந்தான்னா? திரும்ப ஊகமா?"

அதனால் செய்திதான். எழுதினேன்: 'முதல் வரியில் உ என்று இருக்கிறது. அந்தப் பெயரில் நூல் எதுவும் கிடைக்கவில்லை. அது பிள்ளையார் சுழி என்றால், முன்னால் இரண்டு சாய்கோடு போடுங்கள். அதைத் தொடாமல் தாண்டிப் போகிறேன்.'

அக்கா சத்தமாகப் படித்துப் பார்த்தார். "பிள்ளையாருக்கே கோவம் வராது" என்றார்.

எல்லா யூனிட்டுக்கும் அனுப்பியாகிவிட்டது.

அக்டோபர் 11, வெள்ளி

அலுவலகத்தில் பூஜை. கணினிகளுக்கும் எங்கள் இரண்டு ஃபோன்களுக்கும் சந்தனம், குங்குமம். ஃபோன்களைத் துடைத்து வரிசையாக வைத்தது அக்காதான். பொரியைக் கையில் வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏன் கோகி, நாளைக்கு இது அடிக்கலைன்னா, அதுக்கப்புறம் இதை எதுக்குடி வெச்சிருக்கப் போறாங்க?"

"வேற வேலை இருக்கும்க்கா."

"உனக்கு இருக்கும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பொரியிலிருந்து கடலையை மட்டும் பொறுக்கி என் கையில் போட்டார்.

அக்காவின் வேலை என்னாகும் என்பதைப் பற்றி இதற்கு முன் இங்கே எழுதவில்லை.

அக்டோபர் 12, சனி

காலையில் சார் தன் அறைக்குப் போகாமல் எங்கள் எதிரிலேயே செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு இரண்டு ஃபோன்களும் சேர்ந்து அடித்தன. சார் தாளை இறக்கினார். நான் ஒன்றை எடுத்தேன்.

"மேடம், வேலம்பாளையத்துல இருந்து பேசறனுங்க. எரர் வந்துச்சுங்க."

"என்ன எரர்ங்க?"

"பிள்ளையார் சுழிதானுங்க. தாண்டிப் போறேன்னு சொல்லுச்சு. ரெண்டு கோடு போட்டேன், தாண்டிப் போயிருச்சு. சும்மா சொல்லலாம்னுதான் கூப்புட்டேன். பொரி சாப்பிட்டீங்களா?"

அக்காவின் ஃபோனிலும் அப்படித்தான் யாரோ. அதன் பிறகும் அழைப்புகள் வந்தன, ஆனால் உதவி கேட்டு இல்லை. வாழ்த்து. ஒருவர் செய்தியை வாய்விட்டுப் படித்துக்காட்டி, "தொடாமங்கறதுல இருக்குது மேடம் மரியாதை" என்றார்.

"இதையெல்லாம் எந்தக் கணக்குல சேக்கறது?" என்றார் சார்.

பல்லடத்திலிருந்து ஒருவர் மட்டும் நிஜமான கேள்வியோடு வந்தார். நூல் பட்டியலைப் புதுக் கோப்புறையில் தேடினேன், இல்லை, பழைய கோப்புறையில் அதே பெயரில் ஒன்று இருக்கிறது என்று கம்பைலர் சொல்லியிருக்கிறது. "அதை இங்க கொண்டாந்து வெக்கறதா, இல்ல அங்கியே இருக்கட்டும், வழியை மட்டும் மாத்தறதா? எது நல்லதுங்க?" சாரிடம் ஃபோனைக் கொடுத்தேன். இரண்டு நிரல் எழுதுபவர்கள் பேசிக்கொள்வது போல் கால் மணி நேரம் பேசினார்கள். சாருக்கு முகம் மாறிவிட்டது. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு கேள்வியோடு அவரிடம் யாரும் வந்ததில்லை.

மாலையில் சோதனை இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்து, வேண்டுமென்றே ஒரு பெயரைத் தப்பான பகுதியில் வைத்து ஓட்டினார். செய்தி வந்தது. முழுவதும் படித்தார்.

"யார் எழுதுனதுன்னு கேட்டா என்ன சொல்றது?"

"நானும் பெனாசிர் அக்காவுமுங்க."

சார் அக்காவைப் பார்த்தார். அக்கா ஃபோனிலிருந்த சந்தனத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பரவால்ல" என்றார் சார். பிறகு, "நல்லாருக்குது" என்றார். அவர் வாயிலிருந்து அந்த இரண்டாவது வார்த்தையை நான் கேட்டதில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடமிருந்தது.

அம்மாவிடம், திருப்பூரில் காலர் இயந்திரங்கள் பேசுவது நான் எழுதியது என்று சொன்னேன். "மெஷின் பேசுமா?" என்றாள். இரண்டாவது தோசையைப் போடாமல் நின்று கேட்டாள்.

அக்டோபர் 14, திங்கள்

சார் கூப்பிட்டார். கம்பைலர் பிரிவுக்கு வருகிறாயா என்றார். இதுவரை அந்தப் பிரிவில் அவர் ஒருவர்தான்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அக்காவைப் பற்றி அதற்குப் பிறகுதான் கேட்டேன். அந்த வரிசையை மாற்றி எழுத முடியாது.

"ஒரு எடந்தான் இருக்குது அம்மிணி. திருப்பூர்ல புதுப் பசங்களுக்குச் சொல்லிக் குடுக்க ஆள் வேணும். அவங்களைக் கேட்டுட்டேன். தெனம் அவ்வளவு தூரம் ஆகாதுன்னுட்டாங்க."

அக்காவிடம் நான் போய்ச் சொன்னபோது அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"என் பொண்ணுகிட்ட சொன்னேன். ஊர்ல இருக்கிற காலர் மெஷின் அத்தனையிலயும் உங்க அம்மா பேச்சுதான் ஓடுதுன்னு. ஸ்கூல்ல போய்ச் சொல்லியிருக்கா. ஒருத்தியும் நம்பலையாம்." சிரித்தார். "பேச்சு ஓடுது கோகி. சம்பளந்தான் ஓடாது."

என் டிபன் பாக்ஸைத் திறந்து அவரே பாதியை எடுத்துக்கொண்டார்.

ஜனவரி 6, திங்கள்

உதவி எண் டிசம்பர் மாதத்தோடு நிறுத்தப்பட்டது. பெனாசிர் அக்கா ஒரு கண் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் சேர்ந்துவிட்டார். நான் கம்பைலர் பிரிவில் இருக்கிறேன். சாரின் பழைய நிரலை முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கியிருக்கிறேன்.